தனிமரம் தோப்பாகாது

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை, 2019 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில், சேலையூரை அடுத்த ஒரு குடியிருப்பைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழுவினர் என்னைத் தேடி வந்தார்கள். துணிப்பை தைத்து விற்கப் போவதாகவும், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். பல ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தேன். தையல் இயந்திரத்தின் விலை, ஒரு மீட்டர் துணியில் எத்தனை பைகள், ஒரு பைக்கு எவ்வளவு கூலி, எந்த மாதத்தில் முதல் இலாபம் என எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தேன். வங்கி மேலாளர் அந்த அறிக்கையைப் பாராட்டினார். கடனும் கிடைத்தது.

ஓராண்டுக்குள் அந்தத் தொழில் நின்றுபோனது. பைகளில் பெரும்பகுதியை ஒரே ஒரு கடைக்காரர்தான் வாங்கினார். முதலில் ஒரு மாதத்தில் பணம் கொடுத்தவர், பிறகு மூன்று மாதம் இழுத்தடித்தார். துணிக்கடைக்காரரோ ரொக்கம் இல்லாமல் துணி தர மறுத்தார். அதற்குள், துணி போலவே தோற்றமளிக்கும் மலிவுப் பைகள் சந்தைக்கு வந்துவிட்டன. கடைக்காரர் அவற்றுக்கு மாறிக்கொண்டார். பெண்கள் தங்கள் சேமிப்பிலிருந்து கடனை அடைத்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால், அந்த அறிக்கையை மீண்டும் எடுத்துப் படித்தபோது பிழை எங்கே என்று எனக்கு விளங்கியது. எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அதில் தைப்பவர்கள் இருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஒருவரும் இல்லை.

இலாபத்தை மட்டுமே குறியாகக் கொள்ளாமல், ஒரு சமூகச் சிக்கலைத் தீர்ப்பதையே தொழிலாக நடத்தி, அதில் வரும் வருவாயைக் கொண்டே நிலைத்து நிற்க முயலும் அமைப்பைச் 'சமூக நிறுவனம்' என்கிறோம். அது அறக்கட்டளையாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம், பதிவு செய்த நிறுவனமாகவும் இருக்கலாம். நம் நாட்டில் இத்தகைய முயற்சிகள் தொடங்குவதற்குக் குறைவில்லை. நிலைப்பவைதான் சில. நிலைத்தவற்றை ஆராய்ந்தால், அவற்றின் வெற்றிக்குப் பொருளின் தரமோ நிறுவனரின் நல்லெண்ணமோ மட்டும் காரணமாக இருப்பதில்லை. அவற்றைச் சுற்றி அமைந்த கூட்டாளிகளின் வலைப்பின்னலும் அதே அளவுக்குக் காரணமாக இருப்பதைக் காணலாம்.

வளரும் சந்தையின் இடைவெளிகள்

இதற்குப் பொருளியலில் விளக்கம் உண்டு. ஒரு நிறுவனம் எதைத் தானே செய்து கொள்கிறது, எதைச் சந்தையில் வாங்குகிறது என்ற எளிய கேள்வியை 1937-இல் ரொனால்ட் கோஸ் எழுப்பினார். சந்தையைப் பயன்படுத்துவதற்கும் ஒரு செலவு உண்டு என்பது அவர் தந்த விடை. விற்பவரைத் தேடுவது, தரத்தைச் சோதிப்பது, விலை பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது, மீறினால் வழக்காடுவது ஆகிய அனைத்தும் செலவுதான். இதைப் பரிமாற்றச் செலவு என்கிறோம். 1991-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ந்த நாடுகளில் இந்தச் செலவைக் குறைக்கவென்றே பல அமைப்புகள் இயங்குகின்றன. கடன் தகுதியைச் சொல்ல ஓர் அமைப்பு, தரச்சான்று தர ஓர் அமைப்பு, விரைந்து தீர்ப்பளிக்கும் நீதிமன்றம், கிராமம் வரை செல்லும் விநியோகக் கட்டமைப்பு எனப் பலவும் இருக்கின்றன. இந்தியா போன்ற வளரும் சந்தைகளில் இவற்றில் பல இல்லை, அல்லது ஏழையின் கைக்கு எட்டும் தொலைவில் இல்லை. தருண் கன்னா, கிருஷ்ணா பலேப்பு என்ற இரு ஹார்வர்டு பேராசிரியர்கள் 1990-களின் பிற்பகுதியில் இதனை 'அமைப்புசார் வெற்றிடங்கள்' என்று பெயரிட்டு விளக்கினார்கள். இந்தியாவில் பெரும் தொழில் குழுமங்கள் வங்கி முதல் போக்குவரத்து வரை எல்லாவற்றையும் தாங்களே வைத்துக் கொண்டதற்கு, இந்த வெற்றிடங்களை இட்டு நிரப்ப வேண்டிய தேவையும் ஒரு காரணம் என்றார்கள்.

பெருங்குழுமத்திடம் பணம் இருக்கிறது. வெற்றிடத்தைத் தானே நிரப்பிக் கொள்ளும். சமூக நிறுவனத்திடம் பணம் இல்லை. ஆகவே, அந்தந்த வெற்றிடத்தில் ஏற்கெனவே கால் ஊன்றி நிற்பவரைத் தேடிக் கைகோப்பதே அதற்குள்ள வழி. கிராமத்தில் நம்பிக்கை பெற்றவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் ஒருவர், தொழில்நுட்பம் அறிந்தவர் ஒருவர், சட்ட அதிகாரம் உள்ள அரசு என இவர்களை ஒரே கயிற்றில் கட்டுவதுதான் வலைப்பின்னல். இதை உலகுக்கே காட்டிய எடுத்துக்காட்டு நம் மதுரையில் இருக்கிறது.

பதினொரு படுக்கைகள்

அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவரது விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களாலேயே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர் அவர். பணம் செலுத்தக்கூடியவரிடம் கட்டணம் வாங்கி, அந்த வருவாயில் ஏழைக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பது என்ற அவரது முறையைப் பலரும் அறிவர். 2008-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உலக சுகாதார விருதும், 2010-இல் ஹில்டன் மனிதநேய விருதும் அந்த நிறுவனத்தைத் தேடி வந்தன. கோயம்புத்தூரில் பிறந்து உலகப் புகழ்பெற்ற மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், 2004-இல் வெளியான தம் நூலில் இதை ஒரு முன்மாதிரியாக எடுத்துக் காட்டினார்.

ஆனால், 'பணக்காரரிடம் வாங்கி ஏழைக்குக் கொடுப்பது' என்ற ஒரு வரியில் இந்த வெற்றியை அடக்கிவிட முடியாது. அறுவைச் சிகிச்சை இலவசம் என்று அறிவித்த பிறகும், கண்புரையால் பார்வை இழந்த பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. ஏன் என்று வீடு வீடாகச் சென்று கேட்டு ஆராய்ந்தார்கள். பேருந்துக் கட்டணம், வெளியூரில் சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற அச்சம் ஆகியவைதான் காரணங்கள். அதாவது, இலவசச் சிகிச்சையும் ஏழைக்கு இலவசமாக இருக்கவில்லை. கோஸ் சொன்ன பரிமாற்றச் செலவு, ஒரு மூதாட்டியின் முந்தானை முடிச்சில் இருந்தது.

இந்த இடைவெளியை மருத்துவமனை தனியாக நிரப்ப முற்பட்டிருந்தால் அதன் நிதி கரைந்திருக்கும். அது கூட்டாளிகளைத் தேடியது. அரிமா சங்கம், ரோட்டரி சங்கம், பள்ளிகள், வங்கிக் கிளைகள், சமய அமைப்புகள், ஊர்ப் பெரியவர்கள் என யார் முன்வந்தாலும் அவர்களோடு பொறுப்பு தெளிவாகப் பிரிக்கப்பட்டது. இடம் பிடிப்பது, சுவரொட்டி ஒட்டி ஒலிபெருக்கியில் அறிவிப்பது, தன்னார்வலர்களைத் திரட்டுவது, முகாம் நாளின் செலவுகளை ஏற்பது ஆகியவை முகாமை நடத்தும் அமைப்பின் பொறுப்பு. மருத்துவர், கருவி, பரிசோதனை, அறுவைச் சிகிச்சை ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு. பந்தலிலேயே அறுவைச் சிகிச்சை செய்யும் பழைய முறையைத் தவிர்த்து, தேர்ந்தெடுத்த நோயாளிகளை அன்றே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் இடமும் தந்து, சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள்.

இதில் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது என்ன என்று பாருங்கள். சங்கத்துக்குத் தன் ஊரில் நற்பெயர் கிடைத்தது. நோயாளிக்குச் செலவில்லாமல் பார்வை கிடைத்தது. தெரிந்த முகங்கள் அழைத்ததால் அச்சமும் குறைந்தது. மருத்துவமனைக்கு நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியது. எண்ணிக்கை பெருகியதால் மருத்துவரின் திறனும் கருவிகளும் முழுமையாகப் பயன்பட்டு, ஓர் அறுவைச் சிகிச்சைக்கான செலவு இறங்கியது. அரசும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், தொண்டு நிறுவனங்கள் செய்யும் இலவசக் கண்புரை அறுவைச் சிகிச்சைகளுக்கு அரசு ஒரு தொகையை அளிக்கிறது. ஒருவரும் பிறருக்காகத் தன்னை வருத்திக் கொள்ளவில்லை என்பதால்தான் அந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்தது.

அடுத்த தடை உள்விழி லென்ஸ். கண்புரையை அகற்றியபின் கண்ணுக்குள் பொருத்தும் இந்தச் சிறு வில்லை, அன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை ஏறத்தாழ நூறு டாலர். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை உள்ளிட்ட பன்னாட்டு அமைப்புகள் நிதியும் தொழில்நுட்பத் தொடர்பும் தந்து உதவ, 1992-இல் மதுரையில் 'ஆரோலேப்' தொடங்கப்பட்டது. லென்சின் விலை ஏறத்தாழப் பத்து டாலராக இறங்கியது. பின்னர் மேலும் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்சுகள் செல்கின்றன. அதே 1992-இல், பன்னாட்டு அரிமா சங்க அறக்கட்டளை, சேவா ஆகியவற்றின் துணையோடு 'லைகோ' என்ற பயிற்சி நிறுவனமும் உருவானது. தன் நிர்வாக முறைகளை மூடி வைக்காமல், முந்நூறுக்கும் மேற்பட்ட பிற மருத்துவமனைகளுக்கு அது கற்றுக் கொடுத்திருக்கிறது. போட்டியாளருக்குத் தொழிலைக் கற்றுக் கொடுப்பதா என்று வணிகர் வியக்கலாம். பார்வையிழப்பை ஒழிப்பதே குறிக்கோள் எனில், போட்டியாளர் என்று ஒருவர் இல்லை.

இன்னொரு பாடமும் இங்கே உண்டு. முகாம்கள் இவ்வளவு சிறப்பாக நடந்தும், கண் சிகிச்சை தேவைப்படுவோரில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாம்களுக்கு வருகிறார்கள் என்பதை 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவமனை அந்த உண்மையை மறைக்கவில்லை. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். நகரில் உள்ள மருத்துவர் கணினி வழியாக ஆலோசனை தருவார். அன்று கிராமங்களில் நம்பகமான இணையம் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெடுந்தொலைவு வைஃபை இணைப்பைத் தேனி வட்டாரத்தில் அமைத்துத் தந்தார்கள். ஒரு வெற்றிடம் தென்பட்டால் அதை நிரப்பக்கூடிய புதிய கூட்டாளியைத் தேடுவது என்ற பழக்கம் அந்த நிறுவனத்தில் ஊறிப்போயிருந்தது. இன்று அந்த மையங்கள் நூறைக் கடந்துவிட்டன.

ஒற்றை நூல் அறுந்தபோது

வலைப்பின்னல் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு மதுரை வரை போக வேண்டியதில்லை. அடையாற்றங்கரையில் இருக்கும் அனகாபுத்தூர், பல தலைமுறைகளாக நெசவாளர் ஊர். சென்னையைச் சுற்றியுள்ள தறிகளில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட 'மெட்ராஸ் கைக்குட்டை' துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. பெயர்தான் கைக்குட்டை, நைஜீரியாவின் கலபாரி இன மக்கள் அதைத் திருமணம் முதல் ஈமச்சடங்கு வரை உடுத்தும் மதிப்புமிக்க ஆடையாகப் போற்றினார்கள். நெசவாளருக்கும் உடுத்துபவருக்கும் இடையே ஏற்றுமதியாளர் என்ற ஒரே பாலம்தான் இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் நைஜீரிய அரசு துணி இறக்குமதிக்குத் தடைகளை விதித்தபோது அந்தப் பாலம் சரிந்தது. திறமை அப்படியே இருந்தது, தறி அப்படியே இருந்தது, துணியை விரும்பியவர்களும் இருந்தார்கள். ஆயினும், தறிகளின் ஓசை அடங்கத் தொடங்கியது.

இன்று அங்கே எஞ்சியுள்ள நெசவாளர் சிலர் வாழைநார், சணல், அன்னாசி நார் போன்றவற்றைப் பருத்தியோடு சேர்த்து நெய்து புதிய வழி தேடுகிறார்கள். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், நார் எடுப்பவர், நூற்பவர், வடிவமைப்பாளர், விற்பனைக் கூடம், கடன் தரும் வங்கி ஆகியோர் அவர்களோடு நிலையாக இணையாவிட்டால், கண்காட்சிகளில் கிடைக்கும் பாராட்டு மட்டுமே மிஞ்சும். ஒரே வாங்குபவரை நம்பிய அனகாபுத்தூரின் கதைதான், சிறிய அளவில், எங்கள் துணிப்பைக் குழுவின் கதையும்.

வலை பொறியாகும்போது

வலைப்பின்னல் என்றாலே நன்மை என்றும் எண்ணிவிடக் கூடாது. சுய உதவிக் குழுக்களின் வரலாறே இதற்குச் சான்று. தமிழ்நாட்டில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. தொண்டு நிறுவனம் குழுவை உருவாக்கிப் பயிற்சி தரும். குழு தன் உறுப்பினரின் நாணயத்துக்குத் தானே பொறுப்பேற்கும். வங்கி கடன் தரும். பிணையாக வைக்கச் சொத்து இல்லாத பெண்ணுக்கு, அவளை அறிந்த பதினைந்து பெண்களின் சொல்லே பிணையாயிற்று. உலகிலேயே மிகப் பெரிய நுண்கடன் திட்டங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

அந்த நம்பிக்கை வலையைப் பிறர் கட்டியிருந்தார்கள். அதன் மேலேயே ஆந்திரத்தில் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் பல வந்து இறங்கின. ஒரே பெண்ணுக்கு நான்கைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்தன. தோழியாக இருந்த குழு உறுப்பினர், வசூலுக்கு நெருக்குபவராக மாறினார். தற்கொலைச் செய்திகள் வந்த பின்னணியில், 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. திருப்பிச் செலுத்துவது நின்றுபோய் அந்தத் தொழிலே அங்கு முடங்கியது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் அளவுக்கு மீறி மாடுகளை விட்டால் புல்லின் வேரும் போய்விடும். சமூகத்தின் பரஸ்பர நம்பிக்கையும் அத்தகைய பொது நிலமே. அதை வளர்ப்பதற்குப் பல ஆண்டுகள் தேவை. அழிக்க ஒரு பருவம் போதும்.

மதுரையும் ஆந்திரமும் சேர்ந்து நமக்குச் சொல்லும் நெறிகள் நான்கு. முதலாவது, ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனக்கென ஒரு பயன் இருக்க வேண்டும். தியாகத்தை நம்பிய கூட்டு ஓரிரு ஆண்டுகளில் சோர்ந்துவிடும். இரண்டாவது, யார் எதற்குப் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, மையத்தில் நிற்கும் நிறுவனம் தன் உயிர்நாடியான வேலையைப் பிறர் கையில் விடக் கூடாது. அரவிந்த் மருத்துவமனை சுவரொட்டியையும் பந்தலையும் பிறரிடம் விட்டது, அறுவைச் சிகிச்சையின் தரத்தை விடவில்லை. நான்காவது, எந்த ஒரு கூட்டாளி விலகினாலும் முழு அமைப்பும் விழுந்துவிடாதபடி ஒவ்வொரு பணிக்கும் மாற்று இருக்க வேண்டும்.

தாம்பரம் செய்யக்கூடியவை

இந்த நெறிகளை நம் பகுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஒரு சமூக நிறுவனத்துக்குத் தேவையான கூட்டாளிகள் ஏறக்குறைய எல்லாரும் இந்த எல்லைக்குள்ளோ, அதன் அருகிலோ இருக்கிறார்கள். 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அதன் பின் வந்த பல கல்லூரிகளும் உள்ளன. 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்தின் தொழிற்சாலைகள் உள்ளன. பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் உள்ளன. குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருவுக்குத் தெரு உள்ளன. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வங்கியாளர்கள், தணிக்கையாளர்கள் அவற்றில் நிறைந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் தனித்தனியே நல்லது செய்கிறார்கள் என்பதுதான் குறை.

சேர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பம்மலே முன்னுதாரணம். 1989-இல் சென்னையில் தோன்றிய எக்ஸ்னோரா இயக்கத்தின் தாக்கத்தில், அங்குள்ள குடும்பப் பெண்கள் சிலர் தங்கள் தெருக் குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கத் தொடங்கினார்கள். பின்னர், குடியிருப்போர் ஒரு சிறு தொகையும் நகராட்சி இடமும் பெப்சிகோ நிறுவனம் நிதியும் அளிக்க, அது ஓர் ஊரளவிலான பணியாக விரிந்தது. குப்பை என்ற சிக்கல், மண்புழு உரம் என்ற பொருளாகவும் பலருக்கு ஊதியமாகவும் மாறியது. எந்த ஒரு தரப்பும் தனியாக அதைச் செய்திருக்க முடியாது.

இப்போது செய்யக்கூடியவை மூன்று என்பது என் கருத்து. ஒன்று, கொள்முதல். சென்னையில் 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களிலும், 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்களே. வாங்குபவர் யார் என்ற கவலை நீங்கினால் அந்தப் பெண்களின் உழைப்பு எவ்வளவு ஒழுங்காக இயங்கும் என்பதை நாடே பார்த்தது. மாநகராட்சியும் கல்லூரி விடுதிகளும் மருத்துவமனைகளும் தங்கள் ஆண்டுத் தேவையில் ஒரு பகுதியை, அது படுக்கை விரிப்போ, சீருடையோ, துணிப்பையோ, இத்தகைய குழுக்களிடம் வாங்க முன்கூட்டியே உறுதி தரலாம்.

இரண்டு, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டு சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தப் பணத்தில் பெரும்பகுதி மார்ச் மாதத்துக்குள் செலவழித்து, பலகை மாட்டி, புகைப்படம் எடுத்துக் கொள்ளக்கூடிய பணிகளையே நாடுவதைக் காண்கிறோம். 2021-இல் திருத்தப்பட்ட விதிகளோ, தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுகள் வரை நீளும் திட்டங்களுக்கு இடம் தருகின்றன. ஐந்து தையல் இயந்திரங்களை வாங்கித் தருவதைவிட, மூன்றாண்டுக்கு ஒரு தரப் பரிசோதகரையும் ஒரு கணக்கரையும் பத்துக் குழுக்களுக்குப் பொதுவாக அமர்த்துவது அதிகப் பயன் தரும். இயந்திரத்தில் நன்கொடையாளர் பெயரை எழுதலாம். கணக்கரின் மேல் எழுத முடியாது என்பதுதான் தடை.

மூன்று, நிலுவைத் தொகை. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி செலுத்த வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. எங்கள் குழுவுக்கு இந்தச் சட்டம் தெரியாது. அதன் பாதுகாப்பைப் பெறத் தேவையான பதிவை அவர்கள் செய்திருக்கவில்லை. செய்யச் சொல்லி நானும் அறிக்கையில் எழுதவில்லை. ஒரு பதிவு, ஒரு கடிதம், ஒரு நினைவூட்டல் ஆகியவற்றைச் செய்ய, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் மாதம் இரண்டு மாலைகளை ஒதுக்கினால் போதும். எங்கள் தெருவிலேயே அப்படி மூவர் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

இதில் எச்சரிக்கையும் தேவை. கூட்டாளிகள் பெருகப் பெருகக் கூட்டங்களும் பெருகும். ஒருங்கிணைப்பதற்கே ஒரு செலவு உண்டு. நிதி தருபவரின் விருப்பத்துக்கேற்பக் குறிக்கோள் மெல்ல நழுவிப் போவதும் உண்டு. அதனால்தான், பெரிய விழாவோடு ஒரு கூட்டமைப்பைத் தொடங்குவதைவிட, ஒரு வார்டில், ஒரு பொருளில், நான்கு தரப்பினரோடு தொடங்கி ஓராண்டு நடத்திப் பார்ப்பது நல்லது. அரவிந்த் மருத்துவமனையும் 11 படுக்கைகளோடுதான் தொடங்கியது.

அண்மையில் அந்தத் துணிப்பைக் குழுவின் தலைவியைக் கேம்ப் ரோடு சந்திப்பில் பார்த்தேன். இப்போது ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலைக்குச் செல்கிறார். "சார், மஞ்சப்பைக்கு இப்போ மறுபடி ஆர்டர் வருதுன்னு சொல்றாங்க, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். திட்ட அறிக்கை எழுதித் தருகிறேன் என்று நான் உடனே சொல்லவில்லை. துணி கடனுக்குத் தருபவர் யார், தரம் பார்ப்பவர் யார், வாங்கக்கூடிய மூவர் யார், பணம் வராவிட்டால் கடிதம் எழுதுபவர் யார் என்று முதலில் ஒரு தாளில் பெயர்களை எழுதுவோம் என்றேன். கடைசி வரியில் என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். மற்ற வரிகள் இன்னும் நிரம்ப வேண்டும்.